வியாழக்கிழமைக் கூடை

நம் ஆய்வுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும் அடுத்த வாரம் ஊர் ஊராகப் புறப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் கொடுத்திருக்கும் படிவத்தையும் வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தொரு கேள்விகள். என் காலத்தில் பத்தொன்பதுதான். இரண்டு கேள்விகளுக்கு நடுவே இடம் போதாது, அதை யாராவது சரிசெய்யுங்கள். படிவத்தை நிரப்பும் விதத்தை மற்றவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். நிரப்பிய தாள் உங்கள் கையை விட்டுப் போன பிறகு எங்கே போய் நிற்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். என்னுடையது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் கேட்டில் போய் நின்றது.

இரண்டாவது யுத்தத்துக்கு முன்பு, முப்பதுகளில் நடந்தது. சிலர் பிறவியிலேயே திருடர்கள் என்று படித்தவர்களே நம்பிய காலம். கூட்டம் கூட்டமாக மனிதர்களை அப்படி எழுதிவைக்கச் சட்டமே இருந்தது. நம் பேராசிரியர் அதை நம்பவில்லை. யார் சிறைக்குப் போகிறான், என்ன செய்துவிட்டுப் போகிறான், அவனுக்கு என்ன வேலை, என்ன கூலி என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்றார். உயர்நிலைப் பள்ளியில் பதினோரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த என்னைத் தேடிப் பிடித்து ஆம்பூருக்கு அனுப்பினார்.

கடைத்தெருவில் ஓர் ஓட்டலின் மாடியில் அறை எடுத்துக்கொண்டேன். பதினாறு படிகள், ஒன்பதாவது படி ஆடும். தினமும் காலையில் கீழே நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போவேன். வழக்குப் பதிவேடுகளிலிருந்து பெயர், தெரு, கிழமை, குற்றம், தண்டனை எல்லாவற்றையும் என் தாளில் ஏற்றுவேன். இப்படி இருபத்திரண்டு நாள்.

கூட்டிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் துருத்திக்கொண்டு நின்றன. அந்த வருடத்துத் திருட்டு வழக்குகளில் கீழ்க்கொல்லை என்ற ஒரே தெருவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வழக்குகள் பெரும்பாலும் வியாழக்கிழமை நடந்தவை. எத்தனை என்று இங்கே எழுதமாட்டேன். அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை. இட்லியையும் படியையும் ஞாபகத்திலிருந்து எழுதலாம், ஆய்வின் எண்களை அப்படி எழுதக்கூடாது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு கிழமையைக் கண்டுபிடித்துவிட்டேன்! காரணத்தையும் நானே சொல்லிவிட்டேன். தோல் ஷாப்பு முதலாளிகள் முஸ்லிம்கள் என்பதால் அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகவே விடுமுறையைக் குஷியாகக் கழிக்க முந்தைய நாள் திருடுகிறார்கள். இதை ஒரு பத்தியாக எழுதினேன். அழகான பத்தி. அதில் இருந்த தவறு அதன் அழகில் எனக்குத் தெரியவில்லை.

பேராசிரியருக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன். பதில் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. காட்பாடி போகும் ரயிலில் எதிரே ஒரு பத்திரிகை நிருபர் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது இரண்டு கேள்வி, நான் சொன்னது இருபது பதில். எப்போதும் மூன்று பிரதி எழுதும் பழக்கம் உண்டு. ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பேப்பரில் வந்துவிட்டது. ‘வியாழக்கிழமைத் திருடர்கள்’ என்று தலைப்பு. பல்கலைக்கழகமே கண்டுபிடித்த உண்மை என்று போட்டு, தெருவின் பெயரையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நான்கு பேப்பர் வாங்கினேன்.

மறுநாள் காலை இட்லியை முடித்துவிட்டு மாடியில் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டல்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“சார், உங்கள ஒரு பொம்பள கேக்குது. கொல்லைப் பக்கம் நின்னுக்கினு கத்துது. சீக்கிரம் பேசி அனுப்புங்க சார், வியாபார நேரம்.”

“உள்ளே வரச் சொல்லுங்களேன்.”

“கீழ்க்கொல்லை பொம்பள சார். உள்ள எப்படி?”

அந்தத் தெருக்காரர்கள் அந்த ஓட்டலின் வாசற்படி ஏற முடியாது. எனக்கும் தெரிந்த விஷயந்தான். என் படிவத்தின் பத்தொன்பது கேள்விகளில் அது இல்லை.

கொல்லையில் நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், விறகுத் தூள் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை பட்டைக் கறை. பெயர் குப்பம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“நீதானா சாமி எங்க தெருவ பேப்பர்ல போட்டது?”

“நான் போடவில்லை அம்மா. நிருபர்தான்…”

“அந்தாளு எங்க தெருவப் பார்த்தானா?”

“இல்லை.”

“நீ பார்த்தியா?”

கோர்ட்டிலிருந்து கீழ்க்கொல்லைக்கு எத்தனை அடி என்றுகூட எனக்குத் தெரியாது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“பார்க்காத ரெண்டு பேரு சேர்ந்து எழுதிட்டீங்க. இன்னிக்கி காலைல ஷாப்பு கேட்ல மேஸ்திரி நிக்க வச்சுட்டான். எந்தத் தெருன்னான். கீழ்க்கொல்லைன்னேன். வூட்டுக்குப் போன்னுட்டான். பதினாலு வருசமா அங்க பட்டை இடிக்கிறேன் சாமி. எங்க தெருவுல பதினேழு வூடு. பதினேழு வூட்டு ஆளையும் திருப்பிட்டான்.”

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் கணக்கு வாத்தியார். “கேட்டை மூடியது தப்புதான். ஆனால் வழக்குகள் உண்மைதானே? கோர்ட்டுப் பதிவேட்டில் இருக்கிறதே,” என்றேன்.

“கீது. எங்க வூட்டுக்காரனும் அதுல கீறான். இன்னா திருடினான்னு எழுதிக்கீது? படி.”

நோட்டைப் பிரித்தேன். “ஷாப்புச் சரக்கு.”

“இன்னா சரக்கு?”

பதிவேட்டில் அவ்வளவுதான் இருந்தது. தோலாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

அவள் குனிந்து, பக்கத்தில் இருந்த குவியலிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினாள். “இதான் சாமி சரக்கு.”

நான் விறகுத் தூள் என்று நினைத்திருந்தது பட்டைச் சக்கை. தோலைப் பதப்படுத்த ஆவாரம் பட்டையை இடித்துத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சாரம் இறங்கியதும் மிஞ்சுகிற சக்கையை, விடுமுறைக்கு முன்பு தொட்டிகளைக் காலிசெய்யும் வியாழக்கிழமை சாயங்காலம், பின் கேட்டுக்கு வெளியே கொட்டுவார்கள். காய்ந்தால் நன்றாக எரியும். வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கூடை அள்ளிக்கொண்டு போவது ஷாப்பு தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். யாரும் கேட்டு எடுப்பதில்லை, யாரும் காசு கொடுத்து எடுப்பதில்லை. முந்தைய வருடம் ஒரு காண்டிராக்டர் செங்கல் சூளைக்கு அந்தச் சக்கையைக் குத்தகைக்கு எடுத்தார். அன்றிலிருந்து குப்பை சரக்காகிவிட்டது, கூடை திருட்டாகிவிட்டது.

“இது திருட்டுச் சரக்குன்னா, இதுல வெந்த இட்லிய நீ எத்தினி துன்னே?” என்றாள் குப்பம்மாள்.

“இருபத்துமூன்று நாள், நாளுக்கு நான்கு. தொண்ணூற்றிரண்டு,” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் அப்படி.

அவள் சிரித்துவிட்டாள். “ஒரு கூடைக்கு எங்க வூட்டுக்காரன் பத்து நாள் உள்ள இருந்துட்டு வந்தான். தொண்ணூத்திரெண்டு இட்லிக்கு உனுக்கு எத்தினி வருசம் குடுக்கிறது?”

கதவோரம் நின்ற ஓட்டல்காரர் பதறினார். “எனக்கு இன்னா சார் தெரியும்? எங்கப்பா காலத்துலேர்ந்து வியாழக்கிழமை ஆனா பையன் போய் எடுத்தாறான். எங்க மேல கேஸ் கீஸ் வராதே?”

“வராது நாயுடு, நீ பயப்படாதே. நீ எந்தத் தெரு, நான் எந்தத் தெரு,” என்றாள் அவள்.

வேறு யார் வீட்டுக்கெல்லாம் போகிறது என்று கேட்டேன். “ஊரே அதுலதான் சாமி வெந்நீ போடுது,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வேலூரில் ஒரு கல்லூரி மண்டபத்தில் எங்கள் ஆய்வைப் பற்றிப் பேராசிரியர் பேசுவதாக ஏற்பாடு. வக்கீல்கள், போலீஸ் அதிகாரிகள், தோல் வியாபாரிகள் எல்லாரும் வருவார்கள். அதற்கு இன்னும் நான்கு நாள்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். மாடிக்குப் போய் உட்கார்ந்ததும் எனக்கு வந்த முதல் யோசனை நல்ல யோசனை அல்ல. வியாழக்கிழமைப் பத்தியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடச் சொல்லிப் பேராசிரியருக்கு எழுதிவிடலாம், வேறு காரணம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், பேப்பர் செய்தியை ஒரு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கடிதம்கூட எழுதிவிட்டேன், வழக்கம்போல் மூன்று பிரதி. உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. நான் சத்தமில்லாமல் இருந்தால் எனக்கு நல்லது. ஆனால் சத்தத்தினால் மூடிய கேட் சத்தமில்லாமல் திறக்காது. கடிதத்தைக் கிழித்துவிட்டு, அன்று சாயங்காலம் முதல்முறையாகக் கீழ்க்கொல்லைக்கு நடந்தேன். கோர்ட்டிலிருந்து எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி. இருபத்திரண்டு நாளில் ஒரு நாள் நடந்திருக்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷாப்பின் பின் கேட்டுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். கீழ்க்கொல்லைக்காரர்களில் ஒருவரும் அங்கே இல்லை. அவர்களைத்தான் செவ்வாய்க்கிழமையே திருப்பி அனுப்பிவிட்டார்களே. என் அழகான பத்தி உண்மையானால் அன்று அங்கே ஒரு கூடைகூட நகர்ந்திருக்கக் கூடாது. ‘திருடர்கள்’தான் அந்தப் பக்கமே வரவில்லை அல்லவா?

கூடைகள் போய்க்கொண்டே இருந்தன. தலையில் வைத்துக்கொண்டும், சைக்கிளில் கட்டிக்கொண்டும், ஒரு குதிரை வண்டியிலும். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

“இன்றைக்குத் திருட்டு ஒன்றும் இல்லையா?”

“இல்ல சார். அந்தத் தெரு ஆளுங்க வர்றதில்லயே. ஒரே பேஜாரா கீது, பொழுதே போகல,” என்றார். அவர் முன்னாலேயே இரண்டு கூடைகள் போயின.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஊரின் அடுப்புகளை எண்ணினேன். குப்பம்மாள்தான் வழி காட்டினாள். பட்டைச் சக்கையின் புகைக்கு ஒரு புளிப்பு வாடை உண்டு. தெருமுனையில் நின்று மோந்து பார்த்து, “அந்தப் பச்சைக் கதவு, அதுக்கு அடுத்தது வாணாம், விறகு, அதுக்கு அடுத்தது,” என்று விரலை நீட்டுவாள். நான் போய்க் கதவைத் தட்டுவேன். பல்கலைக்கழகத்திலிருந்து அடுப்பு பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் சந்தேகப்பட்டவர்களைவிடச் சிரித்தவர்களே அதிகம். ஒரு பெரிய வீட்டில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள், “விறகவிட இதுல சூடு ஜாஸ்தி, செலவு கம்மி, எழுதிக்குங்க,” என்றார். கோர்ட் குமாஸ்தா வீட்டில் இருந்தது. மேஸ்திரி வீட்டில் இருந்தது. போலீஸ் ஏட்டையா வீட்டில் அவர் மனைவி குவியலைப் பெருமையோடு காட்டி, “எங்க வூட்டுக்காரரே வர்றப்ப எடுத்தாந்துடுவாரு. சமத்து,” என்றார்.

அன்று சாயங்காலமே வேலூருக்குப் போய், பேராசிரியர் தங்கியிருந்த வீட்டில் அவர் முன்னால் நின்றேன். ரயிலில் பிரதி கொடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“நிருபருக்கு ஏன் கொடுத்தீர்?”

“பத்தி நன்றாக இருந்தது சார்.”

“எனக்கும் நன்றாகத்தான் இருந்தது,” என்று சொல்லித் தன் பையிலிருந்து அந்தப் பேப்பர் செய்தியை எடுத்தார். ஒழுங்காகக் கத்தரித்து அட்டையில் ஒட்டியிருந்தார். “நாளைக்கு இதிலிருந்துதான் தொடங்க நினைத்திருந்தேன். என்ன சரக்கு என்று நானும் கேட்கவில்லையே.”

அந்த அட்டையை அவர் இரண்டாகக் கிழித்தார். பிறகு புதிய பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதினோம். ஒரு பக்கம் சக்கை எரியும் வீடுகள், மறுபக்கம் அதற்காக வழக்கு வந்த வீடுகள். முதல் வரியில் ஏட்டையாவின் பெயரை நான் ஆசையோடு எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டார்.

“அவர் பெயரைச் சொன்னால் ஊர் அவரைத்தான் பேசும். கீழ்க்கொல்லையை மறந்துபோகும். நாம் ஒருமுறை பெயர் போட்டு என்ன ஆயிற்று என்று பார்த்தோமே.”

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடித்தது அடித்ததாகவே இருந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. நூற்று நாற்பது நாற்காலி, அதில் மூன்று உடைந்தவை. பேராசிரியர் எழுந்தார். “திங்கட்கிழமை நீங்கள் படித்த செய்தி தவறு. தவறு பத்திரிகையுடையது அல்ல, எங்களுடையது,” என்று தொடங்கினார். பட்டைச் சக்கையின் கதையைச் சொன்னார். வியாழக்கிழமை நான் போட்ட கோடுகளைச் சொன்னார். ஒரே கூடை ஒரு தெருவுக்குப் போனால் குற்றம், வேறு தெருவுக்குப் போனால் வெந்நீர் என்றார். பிறகு கேட்டார்: “ஆம்பூரிலிருந்து வந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் இது எரிகிறது? கை தூக்கலாமே.”

சில கைகள் பாதி எழுந்தன. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் காது சொறிந்துகொண்டு இறங்கின. மண்டபம் சங்கடத்தில் நெளிந்தது. அப்போது ஒரு கிழ வக்கீல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“முப்பது வருடமாக என் வீட்டு வெந்நீர் அடுப்பில் எரிகிறது. இன்று காலையும் குளித்துவிட்டுத்தான் வந்தேன். இன்ஸ்பெக்டர் என்னைக் கைது செய்யட்டும். என் வழக்கை நானே நடத்திக்கொள்வேன்!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அதன் பிறகு கைகள் தாமாகவே எழுந்தன. ஷாப்பின் முதலாளி மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் பேராசிரியரிடம் வந்து, “குத்தகை கொடுத்தது என் மானேஜர். கேஸ் வரைக்கும் போனது எனக்குத் தெரியாது. இனிமே போகாது,” என்றார்.

வாசலில் நிருபரைப் பிடித்தேன். வக்கீலின் வெந்நீரைக் குறித்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘ஒரு தெரு’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

“கீழ்க்கொல்லை என்று போடுங்கள்.”

“பேசும்போது உங்கள் புரொபசரே எந்தப் பெயரையும் சொல்லவில்லையே?”

“பழி போட்டபோது பெயர் போட்டீர். பழியை எடுக்கும்போதும் போட வேண்டும். கேட்டில் மேஸ்திரி தெருப் பெயர் சொல்லித்தான் திருப்புகிறான்.”

அவர் எழுதும்வரை நான் நகரவில்லை.

திங்கட்கிழமை செய்தி வந்தது. முன்பு முதல் பக்கத்தில் இருந்தது இப்போது மூன்றாம் பக்கத்தில், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே. எண்ணிப் பார்த்தேன். பழைய செய்தி முப்பத்தாறு வரி, இது பதினாறு. ஆனாலும் பதினோராவது வரியில் தெருவின் பெயர் இருந்தது. ஏற்கெனவே சிறைக்குப் போய் வந்தவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோர்ட்டுப் பதிவேட்டில் அவர்கள் இன்றும் திருடர்கள்தான். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

பேப்பரை எடுத்துக்கொண்டு கீழ்க்கொல்லைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். குப்பம்மாள் கேட்டுவிட்டு, “எங்களுக்கு எதுக்குப் படிக்கிறே? நாளைக்கி காலைல கேட்டுல வந்து படி,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு முன்பே அந்தத் தெருவே கேட்டின் முன் நின்றது. மேஸ்திரி கையைக் குறுக்கே நீட்டினார். முதலாளியிடமிருந்து தனக்கு ஒரு சொல்லும் வரவில்லை என்றார். நான் முன்னால் போய்ப் பேப்பரைப் பிரித்தேன். எனக்குக் கூட்டத்தில் படித்துப் பழக்கமில்லை. பதினாறு வரியையும் படித்து முடித்தேன்.

“பேப்பர்ல ஆயிரம் போடுவான்,” என்றார் மேஸ்திரி. “போன வாரம் திருடன்னான், இந்த வாரம் இல்லைன்றான். நான் எத நம்புறது?”

“உன் வூட்டு அடுப்ப நம்பு மேஸ்திரி,” என்றாள் குப்பம்மாள். “இவரு வெள்ளிக்கிழமை எல்லா வூட்டையும் எழுதினாரு. உன்னுதும் கீது. பேரு போடல, அவ்ளோதான்.”

கேட்டுக்கு உள்ளே நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பிரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டு, “போங்க, போங்க. டைம் ஆச்சு,” என்றார்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். குப்பம்மாள் கடைசி. கேட்டைத் தாண்டியவள் திரும்பி வந்து, கறை படிந்த கையை என்னிடம் நீட்டினாள்.

“அந்தப் பேப்பர எங்கிட்ட குடு சாமி. நாளைக்கி கேட்ல வேற மேஸ்திரி நிப்பான்.”